குடும்பப் பெயரின் மூலத்தைத் தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு தமிழ்க் குடும்பத்தின் பெயர் எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன பொருள் என்று ஆராயப் புகுவோர் பெரும்பாலும் அகராதியில் தொடங்குகிறார்கள், அல்லது இணையத்தில் அந்தப் பெயரை இட்டுப் பார்க்கிறார்கள். இரண்டும் கடைசியில் செய்ய வேண்டியவை. தலைமுறைதோறும் மாறாமல் இறங்கிவரும் ஒரே பெயர் என்ற வழக்கம் நம்மில் பெரும்பாலோருக்கு இருந்ததில்லை. ஊரின் பெயர், தந்தையின் பெயர், வீட்டின் பெயர், குலப்பட்டம், பதவிப் பெயர், திருமுழுக்கின்போது கிடைத்த பெயர் எனப் பலவும் நம் பெயருக்கு முன்னும் பின்னும் நின்றிருக்கின்றன. அவற்றுள் ஏதோ ஒன்றைப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலோ, கப்பல் பட்டியலிலோ, கடவுச்சீட்டிலோ ஓர் எழுத்தர் எழுதிவைத்தபோது அது குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. ஆகவே இந்தக் கட்டுரை வலியுறுத்தும் முறை ஒன்றே: அந்தப் பெயர் முதன்முதலில் குடும்பப் பெயராக எழுதப்பட்ட தாளைக் கண்டுபிடியுங்கள், அது எந்த மொழியில், யாரால், எதற்காக எழுதப்பட்டது என்று அறியுங்கள், பொருளை அதன் பிறகு தேடுங்கள்.

இது பழங்காலத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள சுற்றுலாப் பயணிகளை ஏற்பதில்லை என்று அறிவித்தபோது, இதுவரை குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்த பலருக்கு அதில் தந்தை பெயரையோ ஊர்ப் பெயரையோ சேர்க்கும் தேவை வந்தது. அவ்வாறு சேர்த்த பெயர்களுள் சில, வெளிநாட்டில் பிறக்கும் பேரப்பிள்ளைகளுக்குப் பரம்பரைப் பெயராக இறங்கும். முன்பும் இப்படித்தான் நடந்தது.

முதலில் பெயரின் வகையை அறிதல்

கையிலுள்ள பெயர் எந்த வகையைச் சேர்ந்தது என்று தீர்மானித்தால் பாதி வேலை முடிந்தது. மிகப் பரவலானது தந்தை பெயர். இலங்கையின் பொன்னம்பலம் இராமநாதன், பொன்னம்பலம் அருணாசலம் ஆகிய உடன்பிறந்தோரின் தந்தையார் அருணாசலம் பொன்னம்பலம். அருணாசலத்தின் மகனோ அருணாசலம் மகாதேவா. தந்தை, மகன், பேரன் மூவருக்கும் கடைசியில் நிற்கும் பெயர் வேறு வேறு. ஆங்கிலேய முறைப்படி கடைசிப் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டு இவர்களைத் தேடினால் மூன்று தனித்தனிக் குடும்பங்கள் போலத் தோன்றும். பாட்டனார் பெயர் பேரனுக்குத் திரும்ப வருவதும் கவனிக்கத்தக்கது. 1983இல் நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் தந்தையார் சந்திரசேகர சுப்பிரமணிய ஐயர். உலகம் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்ட ‘சந்திரசேகர்’ என்பது அவருடைய சொந்தப் பெயர்; அது அவருடைய பாட்டனாரின் பெயருமாகும். ஆகவே ஒரே பெயர் இரு தலைமுறைக்கு ஒருமுறை தோன்றினால் அதை எழுத்தரின் பிழை என்று ஒதுக்கிவிட வேண்டாம். அது ஒரே மரபுக் கொடி என்பதற்கான நல்ல அடையாளம்.

முன்னெழுத்துகளில் தந்தை பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயர் நிற்பது வழக்கம். உ. வே. சா. என்பதில் உத்தமதானபுரம் முதலிலும் தந்தையார் வேங்கடசுப்பையர் அடுத்தும் வருகிறார்கள், ம. பொ. சி. என்பதில் மயிலாப்பூரும் பொன்னுசாமியும் இருக்கின்றன. ஆங்கில முன்னெழுத்தாக இருந்தால் இன்றைய ஊர்ப் பெயரை வைத்து ஊகிக்கக் கூடாது. சி. என். அண்ணாதுரையின் ‘சி’ காஞ்சிபுரத்தைக் குறிப்பது; ஆங்கிலேயர் அவ்வூரைக் ‘காஞ்சீவரம்’ என்று ‘சி’ எழுத்தில் தொடங்கி எழுதினர். அதே ‘சி’ கடலூராகவோ, கோயம்புத்தூராகவோ, செங்கல்பட்டாகவோ இருக்கலாம். ‘டி’ என்றிருந்தால் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலி, தூத்துக்குடி நான்கையும் எண்ண வேண்டும். ‘எம்’ மதுரை, மாயவரம், மயிலாப்பூர் மூன்றுக்கும் பொருந்தும்.

சில குடும்பங்களில் முன்னெழுத்தே ஒரு சிறு வம்சாவளி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய அண்ணாமலைச் செட்டியாரின் முன்னெழுத்துகள் சாத்தப்பர், இராமநாதர், முத்தையர் என்று மூன்று முன்னோர்களை வரிசையாகச் சொல்கின்றன. நகரத்தார் இதை ‘விலாசம்’ என்பார்கள். ஏ. பி. ஜெ. அப்துல் கலாமின் பெயரிலும் அவுல், பக்கீர், ஜைனுலாபுதீன் என்று கொள்ளுப்பாட்டனார், பாட்டனார், தந்தையார் அடுத்தடுத்து நிற்கிறார்கள். இத்தகைய பெயர் உங்கள் வீட்டில் இருந்தால் முதலில் ஒவ்வோர் எழுத்தையும் முழுப்பெயராக விரித்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தலைமுறையினர் பலருக்கு விரிவு தெரியாது. எழுத்து மட்டும்தான் தெரியும்.

முதல் எழுத்து ஊராகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். தமிழ்நாட்டில் பல நூற்றாண்டுகளாக வாழும் தெலுங்குக் குடும்பங்களிலும் சௌராஷ்டிரக் குடும்பங்களிலும் அது வீட்டுப் பெயர். டி. எம். சௌந்தரராஜன் பெயரில் ‘டி’ என்பது தொகுளுவா என்ற சௌராஷ்டிர வீட்டுப் பெயர், ‘எம்’ என்பது தந்தையார் மீனாட்சி ஐயங்கார். வரைபடத்தில் கிடைக்காத ஊரைத் தேடி அலைவதற்கு முன், அது வீட்டுப் பெயராக இருக்குமா என்று பெரியவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் உள்ள தாள்கள்

அடுத்தது வீட்டுப் பெரியவர்கள். கேட்கும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. கணவர், மாமனார் பெயர்களைச் சொல்லாத வழக்கத்தில் வாழ்ந்த பாட்டிமார்களிடம் அப்பெயரை நேரடியாகக் கேட்டால் விடை கிடைக்காது. நாத்தனாரிடமோ கொழுந்தனார் பிள்ளைகளிடமோ கேட்க வேண்டும். மாமனார் பெயர் இடப்பட்ட குழந்தையை அந்தப் பெயரால் அதட்ட முடியாது என்பதற்காகவே வேறு பெயரால் அழைத்த வீடுகள் ஏராளம். ஆகவே அழைத்த பெயர், எழுதிய பெயர் இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். உ. வே. சாமிநாதையருக்கே இடப்பட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் அழைத்த சாமிநாதன் என்ற பெயரை ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை விரும்பியதால் அதுவே நிலைத்தது. அழைத்த பெயர் ஒன்று, பதிவில் உள்ள பெயர் ஒன்று என்று தெரியாமல் பதிவேட்டில் தேடுவோர், கண்ணெதிரே இருக்கும் பாட்டனாரைக் கடந்து போய்விடுவார்கள்.

பெரியவர்களின் நினைவைவிட உறுதியானவை வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றன. மதுரை, தேனி, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் மொய் நோட்டைப் போன்ற சான்று வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு வரியிலும் ஊர், முன்னெழுத்து, பெயர், பல வேளைகளில் பட்டம் அல்லது வகையறா, தொகை என்று உறவுமுறை முழுவதும் பதிவாகியிருக்கும். இரண்டு தலைமுறை நோட்டுகளை அருகருகே வைத்தால், எந்த ஊர்க் கிளை எப்போது எந்தப் பெயரால் வழங்கியது என்பது தெரியவரும். திருமண அழைப்பிதழ்கள், கருமாதிப் பத்திரிகைகள், பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழ், பாகப்பிரிவினைப் பத்திரம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமாவாசைத் தர்ப்பணம் செய்யும் வீடுகளில் தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் பெயர்களும் பெண்வழிப் பெயர்களும் மனப்பாடமாக இருக்கும். அவற்றை எழுதி வாங்கிவிடுங்கள்.

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு இன்னொரு செல்வம் இருக்கிறது. இறந்தவரின் 31ஆம் நாள் வழங்கப்படும் ‘கல்வெட்டு’ என்னும் சிறு நூல், அவருடைய பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள், சம்பந்திகள் ஆகியோரை ஊர்ப் பெயருடன் செய்யுளிலும் உரைநடையிலும் சொல்லும். நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் இத்தகைய நினைவு மலர்கள் பல படிக்கக் கிடைக்கின்றன.

குலதெய்வக் கோயில்

வீட்டுத் தாள்கள் தீர்ந்தபின் அரசு அலுவலகத்துக்குப் போவதைவிடக் குலதெய்வக் கோயிலுக்குப் போவது பயன் தரும். பங்காளிகள் யார் என்பது அங்கேதான் ஐயமின்றித் தெரியும். தலைக்கட்டு வரி வசூலிக்கும் நோட்டில், வெளியூருக்குப் போய்விட்ட வீடுகளும் பழைய பெயரால் எழுதப்பட்டிருக்கும். நகரத்தில் ஒரு குடும்பப் பெயரால் அறியப்படுபவர், அந்த நோட்டில் இன்னாருடைய வகையறா என்ற பெயரில் இருப்பார். சிவராத்திரியிலோ பங்குனி உத்திரத்திலோ எல்லாக் கிளையினரும் கூடும் நாளில் போனால், பூசாரியிடமும் நோட்டு எழுதுபவரிடமும் மூத்த பங்காளிகளிடமும் ஒரே நாளில் பேசிவிடலாம்.

இந்த அமைப்பு சமூகத்துக்குச் சமூகம் மாறும். நகரத்தார் இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்கோயில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்னும் ஒன்பது கோயில்களின் வழியாகப் பிரிகிறார்கள். மணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு ‘புள்ளி’யாகக் கோயிலில் பதிவாவதால், அவர்களுக்குக் கோயில் கணக்கே சிறந்த வம்சாவளி ஆவணம். கொங்கு வேளாளரிடம் ஆந்தை, காடை, செங்கண்ணன், ஓதாளன், பயிரன் போன்ற கூட்டப் பெயர்களும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் உரிய காணியூர்களும் உள்ளன. கூட்டம் தெரிந்தால் காணியூரும், காணியூர் தெரிந்தால் கோயிலும் தெரியும். கொண்டையங்கோட்டை மறவரிடம் ‘கிளை’ தாய்வழியாக இறங்குவது. அங்கே தந்தைவழியை மட்டும் பின்தொடர்ந்தால் கிளைப் பெயர் தலைமுறைதோறும் மாறுவது போலத் தோன்றிக் குழப்பும். இவ்வாறு ஒவ்வொரு சமூகத்திலும் பெயர் எந்த வழியில் இறங்குகிறது என்பதை அவர்களிடமே கேட்டறிந்த பிறகுதான் கொடி வரையத் தொடங்க வேண்டும்.

பதிவு அலுவலகமும் ஆவணக் காப்பகமும்

நிலமுள்ள குடும்பங்களுக்கு நிலப் பத்திரமே நேர்வழி. இன்றைய பட்டாவில் தொடங்கி, தாய்ப் பத்திரம், அதற்கு முந்தைய பத்திரம் என்று பின்னோக்கிச் செல்லுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் சொத்தை வைத்துத் தேடும் அட்டவணையுடன் ஆளின் பெயரை வைத்துத் தேடும் அட்டவணையும் உண்டு. நமக்கு வேண்டியது இரண்டாவது. பழைய கிரயப் பத்திரங்களின் முதல் சில வரிகளைக் கவனமாகப் படியுங்கள். எழுதிக்கொடுப்பவர் எந்தக் கிராமத்தில் இருப்பவர், யாருடைய குமாரர், எந்தச் சாதி, சிவமதமா விஷ்ணுமதமா, என்ன தொழில் என்பதெல்லாம் அந்த வரிகளில் இருக்கும். குடும்பம் வேறு ஊரிலிருந்து குடியேறியதாக இருந்தால், ‘இன்ன ஊரிலிருந்து வந்து இன்ன ஊரில் குடியிருக்கும்’ என்ற குறிப்பும் கிடைக்கக்கூடும். ஊர்ப் பெயர் முன்னெழுத்தாக ஏறிய கதை பெரும்பாலும் அத்தகைய வரியில்தான் அடங்கியிருக்கிறது.

வருவாய்த் துறைப் பதிவுகளில் 1979இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு முன், பின் என்ற பிரிவை மனத்தில் கொள்ளுங்கள். வழக்கில் ‘யு.டி.ஆர்.’ என்று சொல்லப்படும் அத்திட்டத்தில் பெயர்கள் புதிதாக எழுதப்பட்டன. அதற்கு முந்தைய வடிவம் வேண்டுமானால் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் ‘அ’ பதிவேட்டையும் பார்க்க வேண்டும். கர்ணம் என்னும் பரம்பரைக் கிராமக் கணக்கர் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டதால், அவர்கள் காலத்துக் கணக்குகளை இன்றைய கிராம நிர்வாக அலுவலரிடம் எதிர்பார்க்க இயலாது; வட்டாட்சியர் அலுவலக, மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறைகளில் மனுச் செய்து கேட்க வேண்டும். கோயில் ஊழியம், ஏரிப் பராமரிப்பு, கல்விப் பணி போன்றவற்றுக்காக முன்னோர் மானிய நிலம் பெற்றிருந்தால், 1858இல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடுகள் பெருந்துணை செய்யும். மானியம் யாருக்கு முதலில் வழங்கப்பட்டது, அப்போது அனுபவித்தவர் அவருக்கு என்ன உறவு என்பதை அவை சொல்கின்றன. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இவற்றைத் தேடலாம்.

நிலமே மறுக்கப்பட்டிருந்த குடும்பங்களுக்கு இந்த வழி அடைபட்டிருக்கும் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தலித் குடும்பங்களின் முன்னோர் பல பழைய பதிவுகளில் ஒற்றைப் பெயராகவோ, பெயரே இன்றிச் சாதிப் பெயராகவோ மட்டும் வருகிறார்கள். அவர்களுக்கான சான்றுகள் வேறிடங்களில் உள்ளன: ஒடுக்கப்பட்டோருக்கென அரசு 1892இல் ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்களின் ஒப்படைப்பு ஆவணங்கள், கிறித்தவ சபைகளின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகள், படைப்பிரிவுகள், இரயில்வே, கோலார் தங்கவயல் போன்ற வேலையிடங்களின் பணிப் பதிவுகள், இனிச் சொல்லப்போகும் கப்பல் பட்டியல்கள். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் நிலப் பத்திரம் தராத தகவலும் கிடைக்கும்.

ஒரே மனிதர் ஓர் ஆவணத்தில் பட்டத்துடனும் இன்னொன்றில் பட்டமின்றியும் வருவது 20ஆம் நூற்றாண்டில் இயல்பு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடத் தீர்மானித்தது; அதையொட்டிப் பலர் பெயரைச் சுருக்கிக்கொண்டனர். பட்டம் மறைந்த ஆண்டைக் கண்டுபிடித்தால், அது அந்தக் குடும்பத்தின் கொள்கை வரலாற்றையும் சொல்லும். முறைப்படி பெயர் மாற்றியவர்களின் அறிவிப்பு அரசிதழில் பழைய பெயர், புதிய பெயர், தந்தை பெயர், முகவரியுடன் வெளிவந்திருக்கும் என்பதால் அதையும் தேடத் தவற வேண்டாம்.

கடல் கடந்த பெயர்கள்

தென்னாப்பிரிக்கா, மொரீஷியஸ், பிஜி ஆகிய நாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பெயர்களை ஆராய்வோருக்கு ஒரு வசதி உண்டு: பெயர் உறைந்த தாள் இன்றும் இருக்கிறது. சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 ஒப்பந்தத் தொழிலாளர்கள் நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண்ணும், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள அடையாளம் ஆகியவையும் பட்டியலில் எழுதப்பட்டன. அங்கே இன்று வழங்கும் ‘கோவெண்டர்’ என்பது கவுண்டர். ‘மூட்லி’ என்பது முதலி. ‘படையாச்சி’, ‘நாய்க்கர்’, ‘பிள்ளே’ என்பனவற்றை நாமே அடையாளம் காண்போம். ஒரு தனிமனிதரின் பெயராக இருந்த பெருமாள், முனிசாமி, மாரிமுத்து போன்றவையும் அங்கே குடும்பப் பெயர்களாகிவிட்டன.

இந்தப் பட்டியலைப் பயன்படுத்தும்போது குடியேற்ற எண்ணை முதலில் தேடுங்கள். ஒரே கப்பலில் ஒரே பெயருடையோர் பலர் இருப்பார்கள். எண் ஒருவருக்கே உரியது. பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளிலும் அந்த எண் எழுதப்பட்டிருப்பதுண்டு. பிறகு சாதிக் கட்டத்தையும் பின்னாளைய குடும்பப் பெயரையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத குடும்பங்கள் உண்டு, ஆகையால் குடும்பப் பெயரை வைத்து மட்டும் மூலச் சமூகத்தை முடிவு செய்யக் கூடாது. ஊரைக் கண்டுபிடிப்பதற்கு ஆங்கில எழுத்தை உரக்கப் படித்துப் பார்ப்பதும், அக்காலத்து ஜில்லா எல்லையை அறிவதும் தேவை. ‘வட ஆற்காடு ஜில்லா’ என்று இருந்தால் இன்றைய வேலூர், திருவண்ணாமலை, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களுடன் ஆந்திரத்தின் சித்தூர்ப் பக்கத்தையும் சேர்த்துத் தேட வேண்டும். ‘தென் ஆற்காடு’ என்றால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி.

மொரீஷியஸின் இந்தியக் குடியேற்ற ஆவணங்கள் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. பிஜிக்கு 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கப்பல்கள் சென்றன. சென்னை வழியாகத் தென்னிந்தியர் செல்லத் தொடங்கியது 1903இல். அவர்களுடைய குடியேற்றச் சீட்டுகளும் தந்தை பெயர், கிராமம் வரை தருகின்றன. கங்காணி முறையில் மலாயாவுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் சென்றவர்களுக்கு இவ்வளவு விரிவான தனியாள் பதிவு அமையவில்லை. அங்கே தோட்டப் பதிவுகளையும் கோயில் கணக்கையும் நம்ப வேண்டியிருக்கும்.

புதுச்சேரிக் குடும்பங்கள் சிலவற்றின் பிரெஞ்சுப் பெயர்களுக்கு மூல ஆண்டையே சுட்டிக்காட்டலாம். 1881 செப்டம்பர் 21ஆம் நாளிட்ட ஆணை, இந்தியர்கள் தங்கள் மரபுவழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின்கீழ் வர வழி செய்தது. துறந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த இயக்கத்தின் முன்னோடியான வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ‘லாப்போர்த்’ என்ற பெயரை ஏற்றார். ஆகவே இத்தகைய பெயருடையோர் ஐரோப்பிய மூதாதையரைத் தேடுவதற்கு முன் துறப்புப் பதிவைத் தேட வேண்டும். பிரெஞ்சு எழுத்தில் உகரம் ‘ஓ, யு’ என்று இரண்டு எழுத்துகளால் எழுதப்படுவதால் முத்து, வீரராகவு போன்ற பெயர்கள் ஆங்கில எழுத்தில் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தெரியும். அதையும் நினைவில் வையுங்கள்.

முத்துக்குளித்துறைப் பரதவரிடம் வழங்கும் பர்னாந்து, மொத்தா, ரொட்ரிகோ, கோமஸ், மிராண்டா போன்ற பெயர்களும் இவ்வாறே. 1530களில் அக்கடற்கரையில் நிகழ்ந்த திருமுழுக்குகளிலிருந்து போர்த்துக்கீசியப் பெயர்கள் வேரூன்றின. அவை சமயம் மாறியதைக் காட்டுமேயன்றிப் போர்த்துக்கீசிய இரத்த உறவைக் காட்டமாட்டா. பங்குக் கோயில்களின் திருமுழுக்குப் பதிவேட்டில் ஞானப் பெற்றோர் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிகள் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றோர் ஆணல்ட், நெவின்ஸ், கறோல் போன்ற பெயர்களைப் பெற்றனர். பிள்ளைகளின் படிப்புக்குப் பொருளுதவி செய்த அமெரிக்க அன்பர்களின் பெயர்களை அவர்களுக்கு இடும் வழக்கம் மிஷன் பள்ளிகளில் இருந்தது. ஆணல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்ற பெயர்களில் இரண்டு உலகங்களும் சேர்ந்தே நிற்கின்றன. அதற்கும் முந்தைய காலத்துக்கு, டச்சுக்காரர் எழுதிய ‘தோம்பு’ என்னும் பதிவேடுகளை இலங்கைத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம்.

இனிப் பொருள்

தாள்கள் கைக்கு வந்து, பெயரின் தமிழ் எழுத்து வடிவம் உறுதியான பின்னரே பொருளைத் தேட வேண்டும். ஆங்கில எழுத்திலிருந்து பொருள் தேடினால் ல, ழ, ள வேறுபாடும், ந, ன, ண வேறுபாடும், நெடில் குறில் வேறுபாடும் மறைந்து, தொடர்பில்லாத சொல்லில் போய் நிற்போம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும், 1939இல் வந்த அதன் பின்னிணைப்பும் பட்டப் பெயர்கள், பதவிப் பெயர்கள் பலவற்றுக்கும் பொருள் தருகின்றன. அவை இணையத்திலும் உள்ளன.

ஒரே பட்டம் ஒரே குடியைக் குறிக்கும் என்று எண்ணுவது பெரிய இடறல். முதலியார் என்ற பட்டத்தைத் தொண்டைமண்டல வேளாளரும் செங்குந்தரும் அகமுடையாரில் ஒரு பகுதியினரும் கொண்டுள்ளனர். இலங்கையில் அது அரசுப் பதவியின் பெயராகவும் இருந்தது, சிங்களவரும் அப்பதவியை வகித்தனர். நாயக்கர், பிள்ளை ஆகியவையும் இப்படிப் பலருக்கு உரியவை. ஆகவே பட்டத்தின் அகராதிப் பொருள் உங்கள் குடும்பத்துக்கு அது வந்த வழியைச் சொல்லாது. அந்த வழியை ஊரும் காலமும் சேர்ந்துதான் சொல்லும்.

கல்வெட்டுச் சான்றுகளில் இன்னும் கூடுதல் நிதானம் வேண்டும். பல்லவரையன், பிரமராயன், மூவேந்தவேளான் என்பன சோழ அரசர்கள் அதிகாரிகளுக்கு வழங்கிய பட்டங்கள். தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளில் பல்லவராயர், மழவராயர், சேதுராயர், வாண்டையார், காலிங்கராயர் போன்ற பட்டப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. பெயர் ஒத்திருப்பதைக் கொண்டு 12ஆம் நூற்றாண்டு அதிகாரி ஒருவரைத் தம் நேர் மூதாதையாகக் காட்டும் வம்சாவளிகள் அச்சிலும் இணையத்திலும் நிறைய உலவுகின்றன. இடைப்பட்ட தலைமுறைகளுக்குச் சான்றில்லாத நிலையில் அது விருப்பமேயன்றி வரலாறாகாது. பட்டம் அந்த வட்டாரத்தில் பழமையானது என்பது வரை சொல்லலாம்; அதற்கு மேல் சொல்ல ஆவணம் வேண்டும்.

சில பெயர்களுக்கு அறிஞர்களிடையே ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உள்ளன. மரைக்காயர் என்பதை மரக்கலத்தோடு இணைத்து மரக்கலராயர் என்பாரும், கப்பலைக் குறிக்கும் ‘மர்கப்’ என்னும் அரபுச் சொல்லோடு இணைப்பாரும் உண்டு. இரண்டும் கடல் வாணிகத்தைச் சுட்டுவதால், குடும்ப வரலாறு எழுதுபவர் இரண்டையும் தந்து, தம் முன்னோர் எந்தத் துறைமுகத்தில் என்ன தொழில் செய்தனர் என்பதைச் சேர்த்து எழுதினால் போதும்.

கண்டுபிடித்ததை எழுதும்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சான்றைக் குறியுங்கள்: இன்ன பத்திரம், இன்ன எண், இன்ன ஆண்டு, இன்ன அலுவலகம், அல்லது இன்ன பெரியவர் இன்ன தேதியில் சொன்னது. எழுத்து வேறுபாடுகளைத் திருத்தாமல் ஆவணத்தில் உள்ளபடியே எழுதி, உங்கள் கருத்தைத் தனி வரியில் வையுங்கள். மணமாகி வந்த பெண்களின் பிறந்த ஊரையும் அவர்களுடைய தாய் தந்தையர் பெயரையும் விடாமல் சேருங்கள். நம் கொடிகளில் மிகுதியாக விடுபட்டிருப்பவர்கள் அவர்களே. இன்று வாழ்பவர்களின் சாதி, பிறந்த நாள், முகவரி ஆகியவற்றைப் பொதுவில் வெளியிடாதீர்கள். முன்னோர் இழிவுக்கு அஞ்சியோ கொள்கைக்காகவோ விட்டொழித்த ஒரு பட்டத்தை அவர்களுடைய பிள்ளைகளின் பெயரோடு மீண்டும் ஒட்டிவைக்கும் உரிமை ஆராய்பவருக்குக் கிடையாது. மொய் நோட்டு, பத்திரம், கோயில் நோட்டு ஆகியவற்றை ஒளிப்படம் எடுத்தபின், மூலத்தை உரியவரிடமே திருப்பித் தந்து, ஒளிப்படங்களின் ஒரு படியைக் கோயில் நோட்டு எழுதுபவரிடமும் கொடுத்துவையுங்கள்; அடுத்துத் தேடி வருபவர் முதலில் கேட்கப்போவது அவரைத்தான்.